மரை கழண்டவர் என்று யாரைச் சொல்கிறோம்?

மேதைமைக்கும் பைத்தியத்துக்கும் நூலிழைதான் இடைவெளி என்று கோவையில் தொழில்முனைவோர் கூட்டங்களில் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். சொன்ன கையோடு அருணாசலம் முருகானந்தத்தைச் சான்றாகக் காட்டுகிறார். மலிவு விலை நாப்கின் செய்ய இறங்கிய அவர், கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி உடம்பில் கட்டிக்கொண்டு தாமே சோதித்துப் பார்த்தார். மனைவியும் தாயும் பிரிந்து போனார்கள். பேய் பிடித்துவிட்டது என்றது ஊர். 2016இல் பத்மஸ்ரீ கிடைத்தபின் அதே ஊர் மேதை என்கிறது.

அதில் பைத்தியம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பயன்படுத்திப் பார்த்துக் குறை நிறை சொல்ல வீட்டுப் பெண்களே கூச்சப்பட்டபோது, பம்ப் செய்கிறவர் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புவதைப் போல, அவர் தம் உடம்பையே சோதனைக் களமாக்கினார். காரணம் அவருக்குத் தெரிந்திருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை. (கோவைக் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு வரிக்கொள்கையை எதிர்த்துத் தம் தயாரிப்புகளைத் தாமே உடைத்ததை இன்றும் ரசித்துச் சொல்கிறோம். கடன் வாங்கி லேத் போட்டவர் அதைச் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்?)

உண்மையான மனநோய் வேறு. கணித மேதை ஜான் நாஷுக்கு 1994இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த ஆய்வு 1950ஆம் ஆண்டை ஒட்டியது. மனச்சிதைவு வெளிப்பட்டதோ 1959இல். நோய் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை, பல ஆண்டுகளை எடுத்துக்கொண்டது.

கோவை கணபதி பகுதியில் எனக்குத் தெரிந்த லேத்காரர் ஒருவர், மின்சாரமே இல்லாமல் தண்ணீர் இறைக்கும் பம்ப் செய்வதாகச் சொல்லித் தோட்டத்தை விற்றார். தூக்கம் போயிற்று, வரைபடத்தைத் திருட ஆள் வருகிறது என்று பட்டறை ஜன்னலைத் தகரம் வைத்து அடைத்தார். "பெரிய மூளைங்க, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லியே வீட்டார் அவரை மருத்துவரிடம் கூட்டிப்போகாமல் தள்ளிப்போட்டார்கள். வென்றவர்களின் கதைகளை மட்டும் கேட்டு வளர்ந்த ஊரில் அந்த வீட்டாரை மட்டும் எப்படிக் குறை சொல்வது? ஜெயிக்காதவர்களின் கதையை மேடையில் யாரும் சொல்வதில்லையே.

இப்போது அவர் மாத்திரை எடுத்துக்கொண்டு வேறொருவர் பட்டறையில் வேலை பார்க்கிறார். மருந்து கொடுத்து மூளையை மழுக்கிவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு இருக்கிறது. அவர் கடைந்து தரும் ஷாஃப்ட்டுகளை மைக்ரோமீட்டர் வைத்து அளந்து வாங்குகிற கம்பெனிக்காரர்கள் அப்படி எதுவும் சொல்வதில்லை.