மடிக்கணினி கொடுத்தால் மட்டும் போதாது

இலவச மடிக்கணினி கிடைத்தால் வசதியற்ற மாணவர்களும் தரவு அறிவியலுக்குள், அதாவது நிரல் எழுதித் தரவுகளை ஆராயும் துறைக்குள், வந்துவிடுவார்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. விலை உயர்ந்த கணினியே இதற்குத் தேவையில்லை. நிரலை எழுதி, விடையை அங்கேயே பார்க்க உதவும் ஜூப்பிட்டர் நோட்புக் என்ற மென்பொருளை எங்கோ ஒரு சர்வரில் இயக்கலாம், மாணவருக்கு இணைய இணைப்பும் பிரௌசரும் இருந்தால் போதும். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2015இல் தொடங்கிய 'டேட்டா 8' என்ற தரவு அறிவியல் அறிமுகப் பாடம் அப்படித்தான் நடக்கிறது. அதைவிட முக்கியம், அதில் சேர நிரலாக்கமோ புள்ளியியலோ முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. நுண்கணிதம் படித்தவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று வைத்தால், அந்தப் பாடமே இல்லாத பள்ளியிலிருந்து வருபவர் என்ன செய்வார்? 'ஆர்வமிருந்தால் தானே கற்பார்கள்' என்று அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார். நிரலில் தவறு இருந்தால் கணினி காட்டும் பிழைச்செய்தி ஒன்றைப் புரிந்துகொள்ள முடியாமல், கேட்கவும் ஆளில்லாமல் பாதியில் விட்டுப்போன ஆர்வமுள்ள பிள்ளைகளை என் வகுப்புகளிலேயே பார்த்திருக்கிறேன். முதலில் உதவி ஆசிரியர்களுக்குப் பணம் ஒதுக்குங்கள்.