தருமருக்கு ஆடிட் அப்ஜெக்‌ஷன்

(சென்னை கே.கே.நகர். சிவன் பூங்காவுக்கு இரண்டு தெரு தள்ளி, வேப்ப மரத்தடியில் செல்வியின் இஸ்திரி வண்டி. மாட்டுப் பொங்கல் காலை. தணிக்கைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற தனபால் ஒரு நீலச் சட்டையுடன் வருகிறார். ஓய்வு பெற்றவர்களில் இரண்டு வகை உண்டு: வேலையை விட்டவர்கள், வேலை விடாதவர்கள். இவர் இரண்டாம் வகை.)

தனபால்: செல்வி, இது சாயங்காலத்துக்குள் வேண்டும். அவசரம்.

செல்வி: பொங்கலும் அதுவுமா யார் வீட்டில் விசேஷம் சார்?

தனபால்: விசேஷம் ஒன்றுமில்லை. பெங்களூரிலிருந்து பேரன் வந்திருக்கிறான். வந்ததிலிருந்து போனை விட்டுத் தலை நிமிரவில்லை. சிவன் பூங்காவில் சென்னை சங்கமம் என்று நாட்டுப்புறக் கலை விழா நடக்கிறதாமே, கூட்டிக்கொண்டு போகலாம் என்று பார்க்கிறேன். டிக்கெட் எங்கே கொடுக்கிறார்கள்?

செல்வி: டிக்கெட் கிடையாது சார்.

தனபால்: அதற்குள் தீர்ந்துவிட்டதா?

செல்வி: இருந்தால்தானே தீரும்? யார் வேண்டுமானாலும் போகலாம்.

தனபால்: பாஸ்?

செல்வி: இல்லை.

தனபால்: ஆதார் காட்டினால் போதுமா?

செல்வி: சார், அது பூங்கா. தினமும் காலையில் நடக்கப் போறீங்களே, வாசலில் யாராவது ஆதார் கேட்டார்களா?

தனபால்: கேட்டிருக்க வேண்டும். அது வேறு விஷயம். இலவசம் என்று எழுதியிருக்கிற ஃபைலை நான் எத்தனை பார்த்திருப்பேன்! முதல் பக்கத்தில் இலவசம் என்று இருக்கும், மூன்றாம் பக்கத்தில் பில் இருக்கும். பந்தல், லைட், சவுண்ட் சர்வீஸ், கலைஞர்களுக்குச் சம்பளம், சாப்பாடு, தங்க இடம். இதெல்லாம் யார் தலையில்?

செல்வி: கலை பண்பாட்டுத் துறை நடத்துகிறது. அரசாங்கப் பணம்தான். அதாவது உங்கள் வரி, என் வரி.

தனபால்: நீ எங்கே வரி கட்டுகிறாய்?

செல்வி: சோப்பு வாங்குகிறேன், போனுக்கு ரீசார்ஜ் பண்ணுகிறேன். ஜிஎஸ்டி எடுத்துக்கொண்டுதானே சார் மிச்சத்தைக் கையில் கொடுக்கிறார்கள்?

தனபால்: (நெற்றியைத் தடவிக்கொண்டு) அப்படியென்றால் இது இலவசமே இல்லை. நான் முன்பணம் கட்டிய நிகழ்ச்சி.

செல்வி: அப்படியும் வைத்துக்கொள்ளலாம்.

தனபால்: முதன்முதலில் எந்த வருஷம் நடந்தது?

செல்வி: 2007. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதுசு. நடுவில் பல வருஷம் நின்றுபோய், 2023 பொங்கலுக்குத்தான் மறுபடி ஆரம்பித்தார்கள்.

தனபால்: ஒரு தடவைகூட நான் போகவில்லையே! அத்தனையும் நிலுவை. இன்றைக்கு வட்டியோடு வசூல் பண்ணிவிடுகிறேன். (போனை எடுக்கிறார்) ஊர் முழுக்கப் பல இடத்தில் நடக்கிறதாம். அண்ணா நகர் டவர் பூங்கா, ராயபுரம் ராபின்சன் மைதானம், எலியட்ஸ் கடற்கரை... ஒவ்வொரு இடத்துக்கும் பத்து நிமிஷம் என்று வைத்தால்...

செல்வி: சார், எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில்தான் நடக்கும். உங்களிடம் மயில் வாகனமா இருக்கிறது? பேசாமல் பிள்ளையார் மாதிரி சிவன் பூங்காவையே ஒரு சுற்று சுற்றுங்க. பழம் தானாக வரும்.

தனபால்: (சிரிக்காமல், குறித்துக்கொள்கிறார்) பூங்கா, ஒரு சுற்று. சரி, இதைக் கேள். நேற்று சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். மேடைக்குப் பின்னால் நாலைந்து பேர் அட்டைப்பெட்டி, சருகு எல்லாவற்றையும் குவித்து நெருப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். பொது இடத்தில்! உடனே ஒரு முழுத்தாளில் புகார் எழுதி வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

செல்வி: ஐயோ சார்! அது பறை காய்ச்சுகிற நெருப்பு.

தனபால்: பறையை எதற்குக் காய்ச்ச வேண்டும்? பாலா அது?

செல்வி: மாட்டுத்தோல் சார். தை மாதப் பனிக்கு ஈரம் இறங்கித் தொய்ந்துவிடும். தீயில் லேசாகக் காட்டி விரலால் தட்டிப் பார்ப்பார்கள். திரும்பக் காட்டுவார்கள், திரும்பத் தட்டுவார்கள். தொப் தொப் என்று கிடந்த பறை கணீர் என்று பேசும்வரை விடமாட்டார்கள். அப்புறம்தான் தோளில் மாட்டி, ஒரு கையில் நீளமாகச் சிண்டு குச்சி, இன்னொரு கையில் அடிக்குச்சி பிடிப்பார்கள். அடிக்கிற அடி உங்கள் வயிற்றுக்குள் கேட்கும்.

தனபால்: வயிற்றுக்குள்ளா? எனக்கு அல்சர் இருக்கிறது. அது கிடக்கட்டும், என் புகார் என்னவாயிற்று? வாட்ச்மேன் உன்னிடம்தானே துணி கொடுப்பான்?

செல்வி: சொன்னார் சார். தீ அணையப் பார்த்ததாம், காகிதம் போதவில்லையாம். உங்கள் புகாரையும் போட்டார்களாம். நல்ல கெட்டித் தாள், நின்று எரிந்தது என்றார்.

தனபால்: (சிறிது மௌனம்) நகல் வைத்திருக்கிறேன்.

செல்வி: வைத்துக்கொள்ளுங்க, இன்றைக்கும் பனி இருக்கும். (பெட்டியைத் திறந்து கரியை ஊதிவிட்டு) இன்று ராத்திரி தெருக்கூத்து இருக்கிறது, அதை விட்டுவிடாதீங்க. எங்கள் செய்யாறு பக்கத்து ஜமா, அதாவது கூத்துக் குழு. புரிசை கேள்விப்பட்டிருப்பீங்களே, கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் ஊர்? அந்தச் சுற்று வட்டாரம். பகடை துகில் ஆடுகிறார்கள், தருமர் சூதில் தோற்றுத் திரௌபதியைச் சபைக்கு இழுத்து வருகிற கதை.

தனபால்: எவ்வளவு நேரம்?

செல்வி: ஊரில் என்றால் ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் விடிகிறவரை. இங்கே அடுத்து ஒயிலாட்டம் காத்துக்கொண்டிருக்கும், அதனால் ஒரு துண்டு வெட்டிப் போடுவார்கள்.

தனபால்: ஒரு ராத்திரிக் கதையில் மிச்சம்? கணக்கை முடிக்காமல் எப்படி விடுவது?

செல்வி: ஒரு ராத்திரியா? திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் நாள் கணக்கில் ஓடும். கடைசி நாள் படுகளம். துரியோதனனைத் தரையில் படுத்த மாதிரி மண்ணிலேயே செய்திருப்பார்கள். இந்த வண்டியிலிருந்து உங்கள் கேட் வரைக்கும் நீளம் இருப்பான். பீமன் வேஷக்காரர் அவன் மேலேயே ஏறி நின்று ஆடுவார். தொடையில் அடித்ததும் திரௌபதி அந்த ரத்தத்தைத் தொட்டுக் கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி.

தனபால்: ஆக, துரியோதனன் சாவதைப் பார்க்க வேண்டுமென்றால் செய்யாறு போக வேண்டும்.

செல்வி: ஆமாம் சார். சென்னையில் அவன் உயிரோடுதான் இருப்பான்.

தனபால்: அது தெரிந்ததுதான். சரி, முதல் வரிசையில் உட்கார என்ன வழி?

செல்வி: சீக்கிரம் போய்த் துண்டைப் போட்டால் உங்களுக்குத்தான். ஆனால் கட்டியங்காரன் ஒருத்தர் வருவார். கதையில் கோமாளி மாதிரி, ஆனால் ராஜாவையே கேலி பண்ணுகிற உரிமை அவருக்கு மட்டும்தான். முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களை வம்புக்கு இழுப்பார்.

தனபால்: அப்போது மூன்றாவது வரிசை.

செல்வி: மூன்றாவது. (சட்டையை விரித்து நீர் தெளிக்கிறாள்) இந்த நீலச் சட்டைதானே போடுவீங்க?

தனபால்: ஏன்?

செல்வி: சும்மா கேட்டேன் சார். காலரை விறைப்பாகத் தேய்க்கலாம் என்று.

(மறுநாள், காணும் பொங்கல் காலை. தெருவே கடற்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. தனபால் வருகிறார். குரல் கட்டியிருக்கிறது.)

செல்வி: என்ன சார், தொண்டை?

தனபால்: கத்தினேன். அப்புறம் சொல்கிறேன். முதலில் இட வசதி. மடக்கு நாற்காலி கொண்டுபோனேன். உட்கார்ந்த உடனே பின்னாலிருந்து நாலு பேர், "பெரியவரே, மறைக்குது" என்றார்கள். தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது நான், எழுப்பியது மூன்று பேர். பக்கத்தில் ஒரு குடும்பம் எலுமிச்சை சாதமும் வடாமும் கொண்டுவந்திருந்தது. எனக்கும் கொடுத்தார்கள்.

செல்வி: அதற்கும் பில் கேட்டீங்களா?

தனபால்: வாயில் வடாம் இருந்தது, கேட்க முடியவில்லை. பொய்க்கால் குதிரை பார்த்தேன். காலில் நிஜமாகவே கட்டையைக் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள் செல்வி! எனக்குச் செருப்போடு ஆட்டோவில் ஏறவே பிடிமானம் வேண்டியிருக்கிறது. பேரன் வாயைப் பிளந்துவிட்டான். போன் கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை.

செல்வி: கூத்து?

தனபால்: அங்கேதான் வருகிறேன். இரண்டு பேர் ஒரு துணியைக் குறுக்கே பிடித்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து பாட்டு வருகிறது, ஆள் தெரியவில்லை. தோளில் இருக்கிற கட்டையும் கிரீடத்தின் உச்சியும் மட்டும் திரைக்கு மேலே மினுக்குகிறது. துணியை இழுத்தார்கள் பார், துரியோதனன் ஒரு சுற்றுச் சுற்றினான், பாவாடை அப்படியே குடையாக விரிந்தது. எனக்கு முன்னாலிருந்த குழந்தை பயந்துபோய் என் மடியில் ஏறிக்கொண்டது. யார் வீட்டுக் குழந்தை என்று இன்னும் தெரியாது.

செல்வி: அப்புறம்?

தனபால்: அப்புறம் அந்தக் கட்டியங்காரன்! மேடையிலிருந்து இறங்கி நேராக மூன்றாவது வரிசைக்கு வந்தான். "இதோ உட்கார்ந்திருக்கிறாரே நீலச் சட்டை, இவர் பெரிய ஆடிட்டர். ஐயா, எங்கள் தருமராஜா சூதாடி நாட்டைத் தோற்றார், தம்பிகளைத் தோற்றார். ஒன்றுக்கும் வவுச்சர் இல்லை. நீங்கள்தான் கணக்கைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும்" என்று மைக்கை நீட்டிவிட்டான்.

செல்வி: (பெட்டியை வேகமாகத் தேய்த்துக்கொண்டே) அடக் கடவுளே. நீங்க என்ன பண்ணினீங்க?

தனபால்: என்ன பண்ணுவது? அலுவல் ரீதியாகக் கேட்டான், அலுவல் ரீதியாகப் பதில் சொன்னேன். "தருமர் தன்னை வைத்துத் தோற்றது திரௌபதியை வைப்பதற்கு முன்பா, பின்பா?" என்று கேட்டேன். முன்பு என்றான். "அப்படியென்றால் அந்த நிமிஷமே அவர் அடிமை. அடிமைக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க அதிகாரம் கிடையாது. கடைசி ஆட்டம் செல்லாது, அதை அடித்துவிடுங்கள்" என்றேன்.

செல்வி: கூட்டம்?

தனபால்: விசில்! வேலை பார்த்த காலம் முழுக்க எத்தனை அப்ஜெக்‌ஷன் எழுதியிருப்பேன், ஒன்றுக்காவது ஒருத்தர் கை தட்டியிருப்பாரா? அந்த வேகத்தில் துரியோதனனைப் பார்த்து, "பணத்தைத் திருப்பிக் கொடு" என்று கத்தினேன். அதில்தான் தொண்டை போனது.

செல்வி: துரியோதனன் கொடுத்தாரா?

தனபால்: அவர் முழித்தார். ஆனால் திரௌபதி வேஷம் கட்டியவர் இருக்கிறாரே, நல்ல மீசை வழித்த ஆம்பிளை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "ஐயா, இதே கேள்வியைத்தான் நான் இப்போது சபையில் கேட்கப் போகிறேன். என் வசனத்தை நீங்களே பேசிவிட்டால் நான் எதற்கு முடியை விரித்துப்போட்டுக்கொண்டு நிற்கிறேன்?" என்றார். பூங்காவே சிரித்தது. பேரன் முழுவதையும் வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டான். என் சம்பந்தி கைதட்டுகிற பொம்மை அனுப்பியிருக்கிறார். அவர் எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துகூட அனுப்பியதில்லை.

செல்வி: நல்லதுதானே சார்.

தனபால்: நல்லதுதான். ஆனால் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஒரு கணக்கு இடிக்கிறது. நான் ஆடிட்டில் இருந்தது அந்தக் கட்டியங்காரனுக்கு எப்படித் தெரியும்?

செல்வி: முகத்திலேயே எழுதியிருக்கும் சார்.

தனபால்: சரி, முகம். கிளம்பும்போது அவன் என்னைக் கூப்பிட்டு, "ஐயா, நாளைக்கும் பறை காய்ச்ச வேண்டும், இன்னொரு புகார் எழுதிக் கொடுங்கள்" என்றானே, அதுவும் முகத்தில் எழுதியிருக்கிறதா?

செல்வி: (குனிந்த தலை நிமிரவில்லை)

தனபால்: செய்யாறு பக்கத்து ஜமா என்றாய். அந்தக் கட்டியங்காரன் உனக்கு என்ன வேண்டும்?

செல்வி: சித்தப்பா முறை... சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பெட்டி சூடாகிவிட்டது, உங்கள் வேட்டி கருகிவிடும்.