வள்ளுவர் மாணவர்க்கு அறத்தை விலக்கவில்லை
‘கல்வி அதிகாரம் பொருட்பாலில்தான் இருக்கிறது, ஆகவே படிக்கும் வயதில் மதிப்பெண் போதும், அறமெல்லாம் பிற்காலத்துக்கு என்பதே வள்ளுவர் கருத்து’ என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கல்வி 40ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில் அமைந்திருப்பது உண்மை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறு. அவ்வதிகாரத்தின் முதற்குறளே, கசடறக் கற்கச் சொல்லிவிட்டு, ‘நிற்க அதற்குத் தக’ என்று முடிகிறது. கற்றபடி நடப்பதையும் சேர்த்தே அவர் கல்வி என்கிறார்.

‘பிற்காலத்துக்கு’ என்பதற்கும் நேரடியான மறுப்பு உண்டு. ‘அன்றறிவாம் என்னாது அறஞ்செய்க’ என்னும் 36ஆம் குறளுக்கு, நாம் இப்போது இளையவர்கள், கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல் நாள்தோறும் செய்க என்றே பரிமேலழகர் பொருள் உரைக்கிறார். தேர்வில் பார்த்து எழுதிப் பழகிய கை, நாளை அலுவலகக் கோப்பில் மட்டும் நேர்மையாக இருந்துவிடும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கப் படகேறினாலே போதும். 2000 ஜனவரி 1 அன்று கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட 133 அடிச் சிலையில், 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும், அதன்மேல் நிற்கும் 95 அடி உருவம் பொருட்பால், காமத்துப்பால் அதிகாரங்களையும் குறிக்கின்றன. பீடத்தைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று கணபதி ஸ்தபதி நினைத்திருந்தால் அந்த உருவத்தை எதன்மேல் நிறுத்தியிருப்பார்? நண்பர் தம் பதிவைத் திருத்திவிடுமாறு வேண்டுகிறேன்; மாணவர்களும் இதைப் படிக்கிறார்கள்.