கிட்ச்னரை அந்தக் கப்பலிலிருந்து இறக்கிவிடுங்கள்

ஜூன் 22 நெருங்கினால் போதும், அந்தப் பழைய கறுப்பு வெள்ளைக் காணொளித் துண்டு எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடும். 1948. லண்டனை அடுத்த டில்பரித் துறைமுகம். கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனில் குடியேற வந்தவர்களைச் சுமந்துவந்த எம்பயர் விண்ட்ரஷ் கப்பலின் தளத்தில் தொப்பியும் கோட்டுமாக ஓர் இளைஞர் நிற்கிறார். டிரினிடாட் பாடகர் லார்ட் கிட்ச்னர். ஊர் நடப்பைச் சுடச்சுடப் பாட்டாக்கும் கலிப்சோ என்ற கரீபிய இசைதான் அவர் தொழில். நீங்கள்தான் கலிப்சோ பாடகர்களின் அரசராமே, எங்களுக்காகப் பாடுவீர்களா என்று பாத்தே செய்திப்பட நிருபர் கேட்கிறார். இப்போதேவா என்று ஒரு நொடி தயங்கிவிட்டு, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் பாடத் தொடங்குகிறார். லண்டன்தான் எனக்கேற்ற இடம், உலகில் எங்கெங்கோ போகலாம், ஆனாலும் இந்த ஊருக்குத்தான் திரும்பி வரவேண்டும் என்ற பொருளில் போகும் பாட்டு. வாத்தியம் வரவேண்டிய இடத்தையும் வாயாலேயே நிரப்பிவிடுகிறார்.

அதைப் பகிர்கிறவர்கள் மேலே ஓர் இதயம் போட்டு, "என்ன ஒரு நம்பிக்கை!" என்று எழுதுகிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அந்த மனிதர் அதற்குப் பிறகு 50 ஆண்டுகளுக்கு மேல் பாடினார், பாட்டெழுதினார். அவரை ஒரு கப்பல் தளத்தில் நிறுத்திவைத்து ஆண்டுக்கொரு முறை கைதட்டுவது மரியாதையா?

அவர் இயற்பெயர் ஆல்ட்வின் ராபர்ட்ஸ். டிரினிடாட் தீவின் அரிமா என்ற ஊரில் 1922 ஏப்ரல் 18 அன்று பிறந்தவர். அப்பா கொல்லர். பதின்வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். தண்ணீர்க் குழாய் பதிக்கும் கூலியாட்களுக்குக் களைப்புத் தெரியாமலிருக்கக் கிட்டார் வாசித்துப் பாடுவதுதான் அவருடைய முதல் சம்பளப் பிழைப்பு. பேச்சில் திக்குவாய். பாட்டில் அது இருக்காது. வேண்டுமானால் அவருடைய நேர்காணல் ஒன்றைக் கேட்டுவிட்டு, உடனே ஒரு பாட்டைக் கேட்டுப் பாருங்கள்.

லார்ட் கிட்ச்னர் என்ற பட்டப்பெயர் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு வந்தபின் கிடைத்தது. சூட்டியவர் மூத்த கலிப்சோ பாடகரான குரோலிங் டைகர். முதல் உலகப்போர்ச் சுவரொட்டியில் மீசையோடு விரல் நீட்டி ஆள் கூப்பிடுவாரே, இந்தியாவில் படைத்தலைவராக இருந்து கர்சனோடு மல்லுக்கட்டினாரே, அதே கிட்ச்னரின் பெயர். கலிப்சோ உலகத்தில் இதெல்லாம் சகஜம். ரோரிங் லயன் என்று ஒருவர், அட்டிலா தி ஹன் என்று இன்னொருவர். ஆளும் வர்க்கத்தின் விருதுகளையும் வில்லன்களையும் எடுத்துத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டு, கையில் காசில்லாமல் மேடையேறிய கூட்டம் அது. (சிங்கமும் புலியும் உறுமும் அந்தக் கூட்டத்துக்குள் பிறகு ஒருவர் வெறும் சிட்டுக்குருவியாக வந்து எல்லோரையும் ஓரங்கட்டினார். அவரிடம் பிறகு வருகிறேன்.)

லண்டன் பாட்டைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று அதை அடிமை மனத்தின் துதி என்கிறது. மற்றொன்று, அதெல்லாம் உள்குத்து, நையாண்டி என்று விளக்கம் கொடுக்கிறது. இரண்டுமே அவர் தொழிலை மறந்துவிட்டன. கலிப்சோ பாடகர் எதிரே இருப்பவரைப் பார்த்து, அந்த நேரத்துக்குத் தோதாகப் பாட்டுக் கட்டுபவர். கேட்பவர் மனம் குளிரப் பாடினால் காசு விழும். பரிசில் வரும் திசை பார்த்துப் பாடுவது அந்தக் கலையின் முதல் பாடம். அந்த ஊரில் அவர் இன்னும் காலே வைக்கவில்லை. கப்பலில் கட்டிய பாட்டு அது. இறங்குமுன் ஒலிவாங்கி நீட்டினார்கள், எடுத்து விட்டார். தொழில்காரர்!

உண்மையான லண்டன் பாடல்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. சுரங்க ரயிலில் ஏறி வழி தவறித் திண்டாடுவதைப் பாடினார். வீட்டுக்காரம்மாவின் கெடுபிடியைப் பாடினார். குளிரில் நடுங்கியபடி, ஜமைக்காவை விட்டு ஏன் வந்தோம் என்று புலம்பும் பாட்டும் உண்டு. 1953-இல் வந்த ஒன்று என்னை இன்றும் உலுக்குகிறது. கலப்பு நிறத்தில் பிறந்து, தன்னைவிடக் கறுத்தவரைக் கண்டால் வணக்கம்கூடச் சொல்லாமல் போகும் ஒருவரைப் பார்த்துப் பாடுகிறார்: நீ என்னதான் வேஷம் போட்டாலும் இந்த ஊரில் வெள்ளையில்லை என்றால் கறுப்புதான், நடுவில் இடமே கிடையாது. மெட்டோ துள்ளல் மெட்டு. அந்தத் துள்ளலில்தான் கத்தி இருக்கிறது. ஐந்தே ஆண்டுகளில் ஊரைப் படித்து முடித்துவிட்டார். ஆனால் ஜூன் மாதத்தில் இந்தப் பாட்டை யாரும் பகிர்வதில்லை.

அந்தக் காணொளியைத் தேசியப் பெருமையாகத் தூக்கிவைத்த அதே நாட்டில், விண்ட்ரஷ் காலத்தில் வந்தவர்களின் வருகைப் பதிவு அட்டைகளை உள்துறை அமைச்சகம் 2010-இல் அழித்தது. 2018-இல் இந்த அநியாயம் அம்பலமானபோது, சிறுவயதில் சட்டப்படி வந்து வாழ்நாள் முழுக்க உழைத்து வரி கட்டியவர்கள், ஆவணம் இல்லை என்று வேலை இழந்திருந்தார்கள், மருத்துவம் மறுக்கப்பட்டிருந்தார்கள். சிலர் நாடு கடத்தப்பட்டே இருந்தார்கள். உள்துறை அமைச்சர் பதவி விலகினார். அட்டைகள் போய்விட்டன, பாட்டுத் துண்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஆவணக் காப்பகம் எதைப் போற்றுகிறது பாருங்கள்.

கிரிக்கெட் பக்கம் ஒரு சிறு திருத்தம். 1950 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகள் முதன்முதலாக இங்கிலாந்து மண்ணில் டெஸ்ட் வென்றது, 326 ரன் வித்தியாசத்தில். சன்னி ராமதின் 11 விக்கெட், ஆல்ஃப் வாலன்டைன் 7. ராமதினுக்கு வயது 21. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து போனவர்களின் வழித்தோன்றல், அந்த அணியில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர். அன்று கிட்டாரோடு மைதானத்துக்குள் இறங்கி, கரீபியக் கூட்டத்தை ஆடிப் பாடி பிக்காடிலி வரை ஊர்வலமாக அழைத்துப் போனவர் கிட்ச்னர். ஆனால் "சின்ன நண்பர்கள் இருவர்" என்று ராமதினையும் வாலன்டைனையும் புகழும் புகழ்பெற்ற பாட்டு அவருடையது இல்லை. அதைப் பாடியவர் விண்ட்ரஷில் அவரோடு வந்த லார்ட் பிகினர். இதை மாற்றிப் போடாத பதிவைப் பார்ப்பதே அரிது.

கானா சுதந்திரத்துக்கும் அவர் ஒரு பாட்டுக் கட்டினார். கானாவின் சுதந்திரத் தலைவர் நுக்ருமாவின் பெயரும் 1957 மார்ச் 6 என்ற நாளும் அதில் வருகின்றன. இங்கிலாந்தில் இருந்துகொண்டு, இங்கிலாந்தின் காலனி ஒன்று விடுபடுவதைக் கொண்டாடிய பாட்டு. லண்டன் பாட்டைத் துதி என்பவர்கள் இதையும் சேர்த்துக் கேட்கட்டும். நடுவில் மான்செஸ்டரில் ஓர் இரவு விடுதியும் நடத்தினார். அது இருக்கட்டும்.

நான் இவ்வளவு நீட்டி முழக்குவது அடுத்து வருவதற்காகத்தான். 1962 ஆகஸ்ட் 31 அன்று டிரினிடாட் சுதந்திரம் பெற்றது. தீவே தெருவில் இறங்கி ஆடிப் பாடும் கார்னிவல் திருவிழா 1963-இல் வந்தபோது கிட்ச்னர் ஊர் திரும்பியிருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஊரில் இருந்ததோ வேறு ராஜ்ஜியம். கிரெனடாவில் பிறந்து டிரினிடாடில் வளர்ந்த மைட்டி ஸ்பாரோ, நான் சொன்ன சிட்டுக்குருவி, 1956-இல் ஒரே பாட்டில் பட்டத்தைப் பறித்திருந்தார். இரண்டாம் உலகப்போரில் தீவில் முகாமிட்ட அமெரிக்கப் படைகள் கிளம்பிப் போனபின் அவர்களை நம்பிப் பிழைத்த பெண்களின் நிலையைச் சொல்லும் குத்தலான பாட்டு அது. ஸ்பாரோவுக்குக் குரல், சொல், மேடை மூன்றும் கைவசம். 15 ஆண்டுகள் வெளியில் இருந்துவிட்டு வந்த ஒருவர் அங்கே பழம்பெருமை பேசிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கலாம்.

நடந்தது வேறு. டிரினிடாட் கார்னிவலில் ரோட் மார்ச் என்று ஒரு பட்டம் உண்டு. எந்த அறிஞர் குழுவும் ரசனை பார்த்துக் கொடுப்பதில்லை. கார்னிவலின் இரண்டு நாளும் தெருவில் போகும் குழுக்கள் எந்தப் பாட்டை அதிக முறை இசைக்கின்றனவோ அதற்குப் பட்டம். 1963-இலிருந்து 1976 வரை 14 ஆண்டுகளில் கிட்ச்னருக்கு 10 முறை, ஸ்பாரோவுக்கு 3 முறை. மிச்சமிருந்த ஒன்றை, 1974-இல், கறுப்பு உடையில் வந்து இருவரையும் ஒருசேரக் கவிழ்த்த ஷாடோ என்ற பாடகர் கொண்டுபோனார். அரங்க மேடையில் நடுவர்கள் கொடுக்கும் 'கலிப்சோ அரசர்' பட்டமோ கிட்ச்னருக்கு ஒரே முறைதான், 1975-இல். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு ஸ்பாரோ, நடந்துகொண்டே கேட்டவர்களுக்குக் கிட்ச்னர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

திரும்பி வந்ததும் அவர் வென்ற முதல் ரோட் மார்ச், கார்னிவல் நாளில் தெரு நடப்பதற்குத்தான் என்று காவலரிடம் சொல்லும் பாட்டு. வரலாறு தெரிந்தால் இதன் கனம் புரியும். 19ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் கார்னிவல் முரசுகளைக் காலனி அரசு ஒடுக்கியது. 1881-இல் அதற்காகத் தெருவில் மோதலே நடந்தது. முரசைப் பிடுங்கியதும் மூங்கிலை வெட்டித் தரையில் தட்டினார்கள். பிறகு தகர டப்பா, குப்பைத்தொட்டி மூடி, கடைசியில் எண்ணெய் பீப்பாய். பீப்பாயின் முகத்தைச் சுத்தியலால் தட்டிக் குழித்து, ஒவ்வொரு மேட்டிலும் ஒரு சுரத்தை வரவழைத்து ஸ்டீல்பான் என்ற வாத்தியத்தை உண்டாக்கினார்கள். செய்தவர்கள் ஏழைக் குடியிருப்புப் பையன்கள். டெஸ்பரேடோஸ், ரெனிகேட்ஸ், இன்வேடர்ஸ் என்று முரட்டுப் பெயர்கள் வைத்துக்கொண்டார்கள், பெயருக்கேற்பத் தெருச்சண்டையும் போட்டார்கள். கௌரவமான குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை.

கிட்ச்னர் அந்த வாத்தியத்தைப் பற்றி 1940களிலேயே பாடியவர். திரும்பி வந்தபின் அவர் செய்த காரியம்தான் பெரியது. ஸ்டீல்பான் குழுக்கள் எடுத்து வாசிப்பார்கள் என்று தெரிந்தே, அவற்றை மனத்தில் வைத்து மெட்டமைக்கத் தொடங்கினார். பனோரமா என்ற ஸ்டீல்பான் போட்டி 1963-இல் தொடங்கியது. முதல் ஆண்டு நார்த் ஸ்டார்ஸ் குழு ஸ்பாரோவின் பாட்டை வாசித்து வென்றது. அடுத்த ஆண்டு அதே குழு கிட்ச்னரின் பாட்டை வாசித்து வென்றது. பிறகு பல பத்தாண்டுகளுக்கு, வேறு எவருடைய மெட்டைவிடவும் அவருடைய மெட்டுகளே அந்தப் போட்டியில் அதிகம் வென்றன. காரணம் கேட்டால் எளிது. ஸ்பாரோவின் பாட்டில் சொல்லை எடுத்துவிட்டால் பாதி போய்விடும். கிட்ச்னர் பாட்டில் சொல்லை எடுத்த பின்னும் நூறு பேர் உட்கார்ந்து பிரித்து மேய மெட்டு மிச்சமிருக்கும். சுரங்கள் நகரும் விதத்திலும் கீழ்ச்சுர வரிசையிலும் குழுவின் இசை அமைப்பாளருக்கு இடம் விட்டுத்தான் எழுதுவார்.

1972-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போலியோ பரவியதால் பிப்ரவரியில் நடக்கவேண்டிய கார்னிவலை மே மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். மே என்றால் மழை. வேஷங்கள் நனைந்தன, ஆனாலும் ஜனங்கள் ஆடினார்கள். மறு ஆண்டு கிட்ச்னர் அதையே 'ரெய்னோரமா' என்று பாட்டாக்கினார். ரோட் மார்ச் பட்டமும் அதற்கே. டிரினிடாட் ஆல் ஸ்டார்ஸ் குழு அதை வாசித்து பனோரமாவையும் வென்றது. டியெகோ மார்ட்டின் என்ற ஊரில் அவர் கட்டிய வீட்டுக்கும் அதே பெயர். ஓர் ஊர் நனைந்ததைப் பாடி வீடு கட்டிய மனிதர்.

குறை சொல்லாமல் விட்டால் நானும் இதயம் போடுகிறவர்கள் கட்சியில் சேர்ந்துவிடுவேன். பெண்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் பாதியை இன்று முகம் சுளிக்காமல் கேட்க முடியாது. மருத்துவர் ஊசி போடுவதாக வரும் இரட்டை அர்த்தப் பாட்டு அக்காலத்தில் பெரிய வெற்றி. எனக்கு அதில் ஒரு சிரிப்பும் வரவில்லை. அந்தக் காலம் அப்படி என்று சமாதானம் சொல்வார்கள். அந்தக் காலத்திலேயே அந்த ஆண்களுக்கு நடுவே நின்று பதில் பாடியவர் கலிப்சோ ரோஸ். 1977-இல் ரோட் மார்ச்சை வென்ற முதல் பெண்ணும் அவரே. மறு ஆண்டு அவர் மேடைப் பட்டத்தையும் வென்றபோது 'கலிப்சோ அரசர்' என்ற பட்டத்தின் பெயரையே மாற்றவேண்டி வந்தது. அவருக்குத் தனிப்பதிவு வேண்டும்.

கிட்ச்னர் 2000 பிப்ரவரி 11 அன்று, அந்த ஆண்டின் கார்னிவலுக்குச் சில வாரங்கள் முன்பு இறந்தார். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஒரு காலத்தில் போலீஸ் விரட்டிய ஸ்டீல்பானை அதற்குள் அரசே தேசிய வாத்தியமாக அறிவித்திருந்தது.

அடுத்த ஜூனில் உங்களுக்கும் அந்தக் காணொளி வரும். பாருங்கள், நான் தடுக்கவில்லை. பார்த்துவிட்டு வெள்ளையில்லை என்றால் கறுப்புதான் என்ற அந்த 1953 பாட்டைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். பிறகு 'ரெய்னோரமா'வை முதலில் அவர் குரலில், அடுத்து ஆல் ஸ்டார்ஸ் வாசிப்பில். ஒலிபெருக்கி கொஞ்சம் நல்லதாக இருக்கட்டும், கைப்பேசியில் கீழ்ச்சுரங்கள் கேட்காது.