மெக்காலே பேசாத பேச்சு

"இந்தியா முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை. இவர்களின் பண்பாட்டை முறித்தால்தான் ஆள முடியும்." 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மெக்காலே இப்படிப் பேசியதாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. பொய். அன்று அவர் லண்டனிலேயே இல்லை. கல்கத்தாவில், கவர்னர் ஜெனரல் குழுவின் சட்ட உறுப்பினராக இருந்தார்.

அதே தேதியில் அவர் எழுதியது ஒரு கல்விக் குறிப்பு. பரப்பப்படும் வரிகள் அதில் எங்குமே இல்லை. இருப்பது இன்னும் மோசம். சமஸ்கிருதமோ அரபியோ தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டே, இந்தியா, அரேபியாவின் மொத்த இலக்கியத்துக்கும் நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றைத் தட்டே சமம் என்றார். நாம் கோபப்பட இது போதாதா? பொய்யான புகழ்ச்சி எதற்கு? அந்தக் குறிப்பை ஏற்று மார்ச் 7-இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் ஆணையிட்டார். அரசின் கல்விப் பணம் ஆங்கிலக் கல்விக்குத் திரும்பியது.