வீணைத் தந்தியும் எலக்ட்ரானும்

குவாண்டம் (அணு அளவிலான உலகின் இயற்பியல்) என்றால் உலகமே நெல்மணி போலத் தனித்தனி மணிகளால் ஆனது என்று நம் டெல்டா பிள்ளைகள் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இதை வளரவிடக்கூடாது.

ஒரு தஞ்சாவூர் வீணை போதும். 24 மெட்டு (தந்தியை அழுத்தும் உலோகக் கட்டைகள்) இருப்பதைக் காட்டி "இதுதான் குவாண்டம்" என்பார்கள். அதுவல்ல. ஒரே மெட்டில் தந்தியை இழுத்தால் சுருதி இடைவெளியே இல்லாமல் ஏறுகிறதே! மெட்டை மறந்துவிட்டு வெறும் தந்தியைப் பாருங்கள். தந்தியின் இரு முனைகளான மேருவுக்கும் குதிரைக்கும் சரிபாதியில் விரலைப் பட்டும் படாமலும் வைத்து மீட்டி, உடனே எடுங்கள். தந்தி ஸட்ஜம் என்றால் மேல் ஸட்ஜம் கேட்கும். மூன்றில் ஒரு பங்கில் வைத்தால் மேல் பஞ்சமம். கொஞ்சம் தள்ளி வைத்தால் ஒலி மங்கிச் செத்துவிடும். விரலை அழுத்திவிட்டால் தந்தியின் நீளமே மாறி, சோதனை கெட்டுப்போகும்.

தந்தி தொடர்ச்சியானதுதான். இரு முனையும் கட்டப்பட்டதால் 1, 2, 3 என முழு மடங்கு அதிர்வுகள் மட்டுமே நிலைக்கின்றன. ஹைட்ரஜன் எலக்ட்ரானும் அணுக்கருவோடு கட்டுண்டிருக்கும்வரை −13.6, −3.4, −1.51 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அலகு) என்று படிகளில் நிற்கிறது. பிய்த்து வெளியே விட்டால் படியே கிடையாது, எந்த ஆற்றலும் அதற்கு உண்டு. ஒளித்துகளான ஃபோட்டானின் ஆற்றல், பிளாங்க் மாறிலி என்ற நிலையான எண் பெருக்கல் அதிர்வெண். அந்த அதிர்வெண் எதுவாகவும் இருக்கலாம்.

படிகளும் கத்திமுனை அல்ல. ஹைட்ரஜனின் இரண்டாம் படியில் உள்ள 2பி நிலை 1.6 நானோநொடிதான் தங்கும்; அதனால் அது உமிழும் ஒளியின் நிறமாலைக் கோட்டுக்குச் சுமார் 10 கோடி ஹெர்ட்ஸ் அகலம் உண்டு.

வீணை உவமை கைவிடும் இடமும் இருக்கிறது. 1922இல் இயற்பியலாளர்கள் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக் கற்றையைச் இடத்துக்கு இடம் வலிமை மாறும் காந்தப்புலத்தில் செலுத்தியபோது அது இரண்டாகப் பிரிந்தது. அங்கே கட்டிவைக்க முனையே இல்லை. காரணம், எலக்ட்ரானின் தற்சுழற்சி ('ஸ்பின்') இயல்பிலேயே இரண்டு மதிப்பு கொண்டது.

சரி, இடம்? குவாண்டம் இயந்திரவியலில் இடம் தொடர்ச்சியானது. இடம் எண்ணி முடிக்கக்கூடிய மணிகளால் ஆனது என்று வைத்து, இடத்தையும் உந்தத்தையும் முடிவுள்ள அணிகளாக (எண் கட்டங்களாக) எழுதிப் பாருங்கள். இரண்டையும் வரிசை மாற்றி இருமுறை பெருக்கி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மூலைவிட்டக் கூட்டுத்தொகை எப்போதும் 0. குவாண்டம் இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் விதிப்படி அது 0 ஆகவே கூடாது. கணக்கு அங்கேயே உடைகிறது.

பிளாங்க் நீளமான 1.6×10⁻³⁵ மீட்டரை உலகின் 'பிக்சல்' என்று பகிர்வதையும் நிறுத்துங்கள், அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. 2009 மே 10இல் ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி பதிந்த காமாக் கதிர் வெடிப்பில் 31 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் ஒன்று, சுமார் 730 கோடி ஆண்டுப் பயணத்துக்குப் பின்னும், வெடிப்பு பதிவான 1 நொடிக்குள் வந்து சேர்ந்தது. இடம் மணல்மணலாக இருந்து, ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் ஒளியின் வேகத்தை மாற்றும் என்ற எளிய மாதிரிகளுக்கு விழுந்த பெரிய அடி அது.