ஸ்லீப்பர் பெட்டியில் கை வைக்காதீர்கள்

ராத்திரி ரயிலில் ஸ்லீப்பர் பெர்த்தில் முதுகுக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிறதே அந்த மெத்தை, அது சாதாரண சனத்துக்கு இந்த நாட்டு ரயில்வே செய்த பெரிய மரியாதை என்பேன். சும்மா வந்துவிடவில்லை. 1974இல் மூன்றாம் வகுப்பை ஒழித்தார்கள், பெயர்தான் போனது, மரப்பலகை அப்படியே இருந்தது. 1977இல் ரயில்வே அமைச்சராக வந்த மது தண்டவதேதான் இரண்டாம் வகுப்பு பெர்த்துக்கு இரண்டு அங்குல ஃபோம் போட வைத்தார். முதல் வகுப்பைக் கீழே இறக்க வேண்டாம், இரண்டாம் வகுப்பை மேலே ஏற்றுவோம் என்று நினைத்த சோஷலிஸ்ட். பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் இடையில் வகுப்பு வித்தியாசமே இல்லாமல் கீதாஞ்சலி எக்ஸ்பிரஸை விட்டதும் அதே வருடம்தான்.

நாம் வளர்ந்த அந்த நீலப் பெட்டி நம்ம பெரம்பூர் ஐசிஎஃப் சரக்கு. 1955இல் நேரு திறந்து வைத்த தொழிற்சாலை, சுவிட்சர்லாந்துக்காரர்களின் டிசைன். ஸ்லீப்பர் என்றால் 72 பெர்த். எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்பினதும் புளிசாதப் பொட்டலம் பிரியும், பத்து மணி வாக்கில் யாராவது ஒருத்தர் "மிடில் பெர்த்தைப் போட்டுறலாமா அண்ணாச்சி" என்று கேட்பார், சங்கிலியை மேலே கொக்கியில் மாட்டி ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். சைடு லோயர்காரர் பாடுதான் பாவம், இரண்டு சீட்டையும் மடக்கினாலும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும், சரியாக இடுப்புக்குக் கீழே, லுங்கியை மடித்து அதில் வைத்து நிரவிக்கொண்டுதான் படுப்பார். ஜன்னல் வழியாகக் காற்று, காசு கொடுக்காத காற்று.

பழைய பெட்டியே ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விபத்து என்று வந்தால் அது ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும், எல்எச்பி என்கிற ஜெர்மன் டிசைன் புதுப் பெட்டியில் அந்த ஆபத்து குறைவு, படுக்கையும் 80. 2018இலேயே பெரம்பூரில் பழைய டிசைனை நிறுத்திவிட்டார்கள், சரியான முடிவு. கோபம் வேறு இடத்தில். பெட்டியை மாற்றுகிற சாக்கில் பல ரயில்களில் ஸ்லீப்பரைக் குறைத்து அந்த இடத்தில் ஏசி மூன்றடுக்கைச் சேர்த்துவிடுகிறார்கள். டிக்கெட் விலை இரண்டு மடங்குக்கும் மேல். கோவில்பட்டியிலிருந்து கடை வேலைக்கு வருகிற பையனும், பெரியாஸ்பத்திரிக்குக் காட்ட அம்மாவைக் கூட்டி வருகிறவரும் அதைக் கொடுத்து எப்படி ஏறுவார்கள்? அன்ரிசர்வ்டில் கழிப்பறை ஓரம் உட்கார்ந்து விடிய விடிய வருவார்கள், 1974க்கு முந்தின நிலைமையைவிட மோசம். ஏசி பெட்டிக்கும் ஆள் நிறைகிறதே என்று சிலர் வாதாடுகிறார்கள். வேறு சீட்டே இல்லையென்றால் கடன் வாங்கியாவது ஏறத்தானே செய்வார்கள், அதை விருப்பம் என்று எப்படிக் கணக்கில் எழுதுவது?

ஏசி இல்லாமல் நல்ல பெட்டி செய்ய முடியாதா என்றால், 2023 கடைசியில் ஓட ஆரம்பித்த அம்ரித் பாரத் அதே பெரம்பூரில் செய்ததுதான், ஸ்லீப்பரும் பொதுப் பெட்டியும் மட்டும் உள்ள ரயில். அந்த மாதிரிப் பெட்டிகளை நெல்லை, முத்துநகர், பாண்டியன் என்று நம் ராத்திரி வண்டிகளிலும் கோர்த்துவிடுங்கள், ஏற்கெனவே எடுத்த ஸ்லீப்பர்களையும் எண்ணித் திருப்பிக் கொடுங்கள்.